பதினைந்தாவது கைநாட்டு

1979 ஜூன் மாதம். மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில் ஸ்வர்ணலதா மட்டாஞ்சேரி படகுத்துறையில் இறங்கினாள்.

ஈப்போவில் பிறந்து பினாங்கில் பட்டம் வாங்கியவள். கல்லூரி முடித்த கையோடு ஒரு வருடம் வெளிநாட்டில் சம்பளமில்லாமல் தொண்டு செய்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, இன்னும் நான்கு பேரோடு கப்பலேறி வந்தாள். அந்த நால்வரையும் மதுரைப் பக்கம் அனுப்பிவிட்டார்கள். கொச்சியில் பிழைக்க வந்த தமிழ்ப் பெண்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்க இவளை மட்டும் இங்கே அனுப்பினார்கள். "ஒரே வருஷம். ஒரு நாள் கூடினாலும் நான் உயிரோடு இருக்கமாட்டேன்" என்று விதவையான அம்மா துறைமுகத்தில் அழுதிருந்தாள். லதாவும் சத்தியம் செய்து கொடுத்திருந்தாள்.

குடையோடு காத்திருந்த ராமபத்ரன், வகுப்பை நடத்தும் தமிழ்ச் சங்கத்தின் செயலாளர். நாலைந்து தலைமுறையாகக் கொச்சியிலேயே வேரூன்றிய குடும்பம். மிளகுக் கிடங்குகள் நெருக்கியடித்த தெருவில் ஒரு பழைய மாடி வீட்டைக் காட்டினார். கீழ்த்தளம் பூட்டிக் கிடந்தது. மேலே ஒரு நீளக் கூடமும் ஓர் அறையும். பின்ஜன்னலுக்கு நேர் கீழே காயல் தண்ணீர் சுவரை நக்கிக்கொண்டிருந்தது.

"இத்தனை பெரிய வீட்டில் யாரும் குடியிருக்கவில்லையா?"

"சொந்தக்காரா பூட்டிப் போட்டிருந்தா. சங்கத்துக்குச் சும்மாவே கொடுத்துட்டா, கேட்டேளா."

"சும்மாவா? வாடகைகூட இல்லாமலா?"

"சும்மாதான்" என்றார் அவர், மாடிப்படியைப் பார்த்துக்கொண்டு.

லதா பிறவியிலேயே சந்தேகக்காரி. எடை போட்ட தக்காளியை மறுபடி எடைபோடச் சொல்கிறவள். சும்மா கிடைத்த வீடு முதல் நாளே அவள் மனதில் முள்ளாகத் தைத்தது. கூடத்தில் மிளகும் சுக்கும் கலந்த காட்டம். அதற்கு அடியில் இன்னொரு வாசனையும் இருந்தது. அஞ்சலகத்தில் முத்திரை குத்தும் மையின் வாசனை. மைப்பெட்டி அவளுடைய பெட்டிக்குள்தான் இருந்தது, இன்னும் பிரிக்காமல்.

வகுப்பில் பதினான்கு பெண்கள். எல்லோருமே தோப்பும்படி ஷெட்டுகளில் விடியற்காலையிலிருந்து இறால் உரித்துவிட்டு, பிற்பகல் மூன்று மணிக்கு வந்து உட்காருவார்கள். வருகைத்தாளில் அவரவர் பெயருக்கு நேராகக் கைநாட்டு வைக்கவேண்டும். மூன்று மாதத்தில் இந்தத் தாளில் ஒரு கைநாட்டும் இருக்கக்கூடாது என்று லதா சபதம் போட்டாள். வகுப்பை முடித்தவர்களுக்கு அடுத்துத் தையல் பயிற்சி உண்டு. அதனால் எல்லோருக்கும் ஆர்வம்தான்.

கரும்பலகையின் இடது மூலையில் பெரிதாக 'லதா' என்று எழுதினாள். ஊரில் நடந்த பத்து நாள் பயிற்சியில் சொல்லிக்கொடுத்த உத்தி அது: முதலில் ஆசிரியர் பெயர், பிறகு அவரவர் பெயர்.

"ரெண்டே எழுத்து. கை படிகிற வரைக்கும் என் பேரை எழுதிப் பழகுங்க. சொந்தப் பேர் உள்ளவங்க அப்புறம் அதுக்கு மாறிக்கலாம்."

"சொந்தப் பேரு இல்லாதவ யாரு டீச்சர் இருக்கா?" என்று மாடத்தி கேட்க, கூடம் முழுக்கச் சிரித்தது. மாடத்திக்குத் திருநெல்வேலிப் பக்கம், கடைசி வரிசை. வருகைத்தாள் கடைசியாக அவள் கையில்தான் வந்து முடியும்.

இரண்டாவது வாரம் லதா தாளை எண்ணிப் பார்த்தாள். பெயர் பதினான்கு. கைநாட்டு பதினைந்து.

மை சிதறியிருக்கும் என்று விட்டாள். மறுநாளும் பதினைந்து. அதற்கு மறுநாளும். பதினைந்தாவது எப்போதும் அடியில், பெயரில்லாத இடத்தில், மை காயாமல் இருந்தது.

லதாவின் மூளை நேராக மாடத்தியிடம் போய் நின்றது. தன் மதினி சீனியம்மாளையும் வகுப்பில் சேர்க்கச் சொல்லி மாடத்தி முன்பே கெஞ்சியிருந்தாள், இடமில்லை என்று லதா மறுத்திருந்தாள். இப்போது மதினிக்காகத் திருட்டுத்தனமாக வைக்கிறாள். தையல் வகுப்பில் இடம் பிடிக்கத்தான். வேறென்ன?

வெள்ளிக்கிழமை எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாள்.

"நான் வைக்கல டீச்சர்."

"வேற யார் வைப்பா? தாள் உன்கிட்டதான் முடியுது."

மாடத்தியின் முகம் செத்துப்போயிற்று. "படிக்கணும்னு ஆசப்பட்டு வந்தேன். களவாணிப் பட்டம் வாங்க வரல." சிலேட்டைத் தரையில் வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டாள். லதாவுக்குச் சங்கடமாகத்தான் இருந்தது, ஆனாலும் தான் செய்தது சரி என்றே நினைத்தாள்.

திங்கட்கிழமை வந்தவர்கள் பதின்மூன்று பேர். கைநாட்டு பதினான்கு.

லதா தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். அப்போதுதான் அது கண்ணில் பட்டது. பதின்மூன்றும் வெறும் மைத்திட்டு, உள்ளே ஒரு கோடுகூட இல்லை. பதினான்காவதில் மட்டும் ரேகைகள் சுழி சுழியாக, மயிரிழை பிசகாமல் பதிந்திருந்தன. நடுவே சாய்வாக ஒரு வெட்டுத் தழும்பு.

முன்வரிசை மாயம்மாளின் கையைப் பிடித்துத் திருப்பினாள். கட்டைவிரல் கூழாங்கல்லாக வழவழத்தது.

"எங்களுக்கு ஏது டீச்சர் ரேகை? ஐஸும் இறால் தண்ணியும் தின்னுபுட்டுது. ஷெட்டுல ஒரு வருசம் இருந்தா எல்லாருக்கும் இப்படித்தான்."

ஈப்போவிலிருந்து வந்தவளுக்கு இது எப்படித் தெரியும்? அந்தக் கூடத்தில் ரேகை உள்ள விரல் அவளுடையது மட்டும்தான். தன் விரலை மையில் தோய்த்து வைத்துப் பார்த்தாள். தழும்பில்லை. சுழியும் வேறு.

வகுப்பை முடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் தோப்பும்படி போனாள். ஷெட் வாசலில் மாடத்தி சாயா குடித்துக்கொண்டிருந்தாள்.

"தப்பு என்மேலதான். மன்னிச்சிடு. வகுப்புக்கு வா."

மாடத்தி சாயா கிளாஸைக் கீழே வைத்தாள். பிறகு, "அப்ப அவளக் கேக்க வேண்டியதுதான?" என்றாள்.

"யாரை?"

"எனக்கு அடுத்தாப்ல உக்காருவாளே, ஈரச் சேலயோட. பேரு கேட்டா சொல்ல மாட்டா. நீங்க சேத்த ஆளுன்னுல்ல நெனச்சேன்?"



மாடத்திக்கு அடுத்து இருப்பது சுவர்.

"என்ன எழுதுவாள் அவள்?"

"உங்க பேருதான் டீச்சர். அதையேதான் எழுதிட்டிருப்பா."

லதா நேராக ராமபத்ரன் வீட்டுக்குப் போனாள். வீட்டைச் சும்மா கொடுத்த காரணத்தைச் சொன்னால்தான் நகருவேன் என்று வாசலிலேயே நின்றாள். அவர் கதவைச் சாத்திவிட்டு, தணிந்த குரலில் சொன்னார்.

"எங்க தாத்தா, முத்தச்சன் காலத்துக் கதை. அந்த வீடு ஒரு ஸ்திரீயோடது. எழுத்தறியாதவ. சிலபேர் ஏதோ காகிதம்னு சொல்லி அவகிட்டே கைநாட்டு வாங்கி வீட்டை எழுதிண்டுட்டா. பத்திரத்திலே அவளுக்கு வேற பேர் போட்டிருந்தா. அவ கோர்ட்டுக்குப் போனப்போ, 'அந்தப் பேருக்காரி நீதான்னு என்ன நிச்சயம்'னு கேட்டா. பின்ஜன்னல் வழியா காயல்லே..."

"அவளுடைய சொந்தப் பேர் என்ன?"

"அதுதான் ஒருத்தருக்கும் தெரியலையே."

தெரிந்தே தன்னை அங்கே குடிவைத்தார்களே என்று லதாவுக்கு ஆத்திரம் பொங்கியது. அதைவிடப் பெரிதாகப் பயம். பலகையிலிருந்து தன் பெயரை அழித்துவிடவேண்டும் என்று வெயில் சாய்வதற்குள் ஓடிவந்தாள்.

பலகை சுத்தமாக இருந்தது.

யாரோ அழித்திருந்தார்கள். ஈரத்துணியால்.

கடைசி வரிசைச் சுவரோரம் ஒரு சிலேட்டு. அதில் 'லதா'. கோணல் இல்லை, நடுக்கம் இல்லை. அவளுடைய கையெழுத்தேதான்.

வருகைத்தாளில் அந்தத் தழும்புக் கைநாட்டைக் காணவில்லை. அந்த இடத்தில் ஒரு கையெழுத்து இருந்தது.

லதா.

அவள் அங்கே ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. அன்றே மாடத்தியின் குடிசைக்குப் போய்விட்டாள். வகுப்பை மூடச் சொல்லி ராமபத்ரனுக்கு ஆளனுப்பினாள். வியாழக்கிழமை, வெளிநாட்டவர் ஊர் திரும்புமுன் கையொப்பமிடவேண்டிய எறணாகுளம் அலுவலகத்தில் போய் நின்றாள். அம்மாவிடம் போனால் போதும் என்றிருந்தது.

"இவிடே ஒப்பிடு" என்று கையெழுத்துப் போடவேண்டிய கோட்டைக் காட்டினார் எழுத்தர்.

பேனாவை வைத்தாள். கோடு வந்தது. எழுத்து வரவில்லை. தன் பெயரின் ஒலி மனதுக்குள் ஓடியது, அதன் வடிவம் மட்டும் எங்கேயோ போயிருந்தது. ஆங்கிலத்தில் முயன்றாள். அதுவும் இல்லை.

"ஒப்பிடான் அறியில்லே?" கையெழுத்துப் போடத் தெரியாதா என்ற எரிச்சலோடு எழுத்தர் மைப்பெட்டியைத் தள்ளினார்.

கட்டைவிரலை அழுத்தி எடுத்தாள். சுழி சுழியாக ரேகைகள். நடுவே சாய்வாக வெட்டுத் தழும்பு.

விரலைத் திருப்பிப் பார்த்தாள். விரலில் தழும்பு ஏதும் இல்லை.

எழுத்தர் பாஸ்போர்ட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். கோப்பில் பட்டம் வாங்கியவள் என்று எழுதியிருக்கிறது, கையெழுத்துப் போடத் தெரியவில்லை. "இந்தப் பேருகாரி நீதான்னு என்ன நிச்சயம்?" என்று அரைகுறைத் தமிழில் கேட்டார். "அறியுன்ன, உன்னைத் தெரிஞ்ச ஆளைக் கூட்டிட்டு வா."

ராமபத்ரனுக்கு ஃபோன் போட்டு, மாடத்தியை அனுப்பச் சொன்னாள். இரண்டு மணி நேரம் கழித்து மாடத்தி வந்தாள், படகிலிருந்து ஓடிவந்த மூச்சிரைப்போடு, கையில் மடித்த ஒரு தாளோடு. கதவருகிலேயே நின்றுவிட்டாள்.

"மாடத்தி! நான் யாருன்னு இவர்கிட்ட சொல்லு!"

மாடத்தி பின்னுக்கு ஓர் அடி வைத்தாள்.

"சொல்லேன்!"

"டீச்சர்... நீங்க எப்படி எனக்கு முன்னால இங்க வந்தீங்க?" கையிலிருந்த தாளைக் காட்டினாள். "இன்னிக்கி வகுப்பு இருக்குன்னு எங்களக் கூப்பிட்டு, எறணாகுளத்துல குடுக்கணும்னு கூடத்துல வச்சு நீங்கதான இதக் குடுத்து அனுப்புனீங்க?"

லதா தாளைப் பிடுங்கிப் பிரித்தாள். இன்றைய தேதியிட்ட வருகைத்தாள். பதினான்கு பெயருக்கு நேராகவும் கைநாட்டு. அடியில், ஆசிரியர் கையொப்பம் என்ற இடத்தில், 'லதா'.

மை இன்னும் காயவில்லை.