உப்பிய பெட்டரி

வினோதாவின் வீட்டில் ஒரே ஒரு பட்டன் போன்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் குவைத்திலிருந்து அம்மா அதில்தான் பேசுவார். அந்தப் போன் சனிக்கிழமை காலையில் உயிரை விட்டது.

அப்பா கந்தப்பன் மூடியைக் கழற்றினார். உள்ளே பெட்டரி உப்பிக் கிடந்தது.

"குளிர்ல ஈரம் ஏறிருச்சு. டோர்ச் பெட்டரி மாதிரி சூடு காட்டுனா சரியாயிரும்" என்றார். அடுப்புக்கு மேல், விறகு காயும் பரணில் அதை வைத்தார். மழைக்காலத்தில் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் சட்டை, சப்பாத்து எல்லாம் காய்வது அங்கேதான்.

வினோதா பரணையே பார்த்தாள். போன வருடம் மேல் லயத்தில் ஒரு வீட்டில் பிடித்த தீ, வரிசை முழுவதையும் தின்றது. அவளுடைய சிநேகிதி சுதர்ஷினி இன்னும் தகரக் கொட்டகையில்தான் இருக்கிறாள்.

"அப்பா, இது லித்தியம் பெட்டரி. சார்ஜ் போட்டா லித்தியம் துகள் ஒரு பக்கம் போகும், பேசுறப்ப மறுபக்கம் திரும்பி வரும். அதனாலதான் திரும்பத் திரும்பப் பாவிக்க முடியுது. ஆனா நடுவுல இருக்கிறது தீப்பிடிக்கிற தண்ணி. உப்புனா உள்ள வாயு சேர்ந்துருச்சுன்னு அர்த்தம். சூடு ஆகாதுன்னு டீச்சர் சொன்னாங்க."

"இத்தனூண்டு பெட்டரி என்ன பண்ணிரும்? அதத் தூக்கிப் போட்டுட்டா நாளைக்கு அம்மாகிட்ட எப்படிப் பேசுவ?"

அப்பா வாளியோடு பீலியில் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டார்.

அம்மாவின் குரலுக்காக வாரம் முழுக்கக் காத்திருந்தவள் அவள். அடுப்போரம் காய்ச்சலில் தூங்கிய தம்பி மதுரனும் அம்மாவைத்தான் கேட்டு அழுதிருந்தான். பரணிலிருந்து நெயில் பொலிஷ் போல ஒரு வாடை வந்தது; பெட்டரி கசிகிறது.

வினோதா யோசிக்கவில்லை. இடுக்கியால் பெட்டரியை மெல்ல எடுத்து, ரொட்டி சுடும் தட்டில் வைத்து, முற்றத்தின் நடுவே கொண்டுபோய் வைத்துவிட்டு ஓடி வந்தாள்.

"சொன்னா கேக்க மாட்டியா?" திரும்பி வந்த அப்பா அதை எடுக்கப் போனார்.

"கிட்ட போகாதீங்கப்பா!" அவள் அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

உஸ்ஸென்று சத்தம். வெள்ளைப் புகை. அடுத்த கணம் தீ முழங்கால் உயரத்துக்குச் சீறியது. தூறல் மழையிலும் அது அணையவில்லை.

அப்பா பரணைப் பார்த்தார். பிறகு அதன் கீழே தூங்கும் மதுரனைப் பார்த்தார். பரணில் கிடந்த டோர்ச் பெட்டரிகளையும் அவரே இறக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை சிம்மைப் பக்கத்து வீட்டுச் சண்முகவடிவு அக்காவின் போனில் போட்டார்கள். அம்மா கூப்பிட்டார்.

"எல்லாரும் எப்படி இருக்கீங்க?"

அப்பா போனை மகளிடம் நீட்டினார்.

வினோதா அப்பாவையும் அவர் மடியில் இருந்த தம்பியையும் பார்த்தாள்.

"மூணு பேரும் இருக்கோம்மா" என்றாள்.