பாதிச் சூடு

வலது தோள் கழன்று விழுந்துவிடும்போல வலித்தது டார்லாவுக்கு. ஒவ்வொரு விரிப்பையும் இஸ்திரி உருளைக்குள் இரண்டு தடவை விட வேண்டியிருந்தது. முதல் தடவையில் ஈரம் போவதில்லை. இரண்டு மாதமாக இதே பாடு. சூப்பர்வைசர் கிரேடி, மிஷின் சூடாவதைக் காட்டும் சிவப்பு விளக்குதான் எரிகிறதே, மிஷினில் குறையில்லை, உன் கையில்தான் சுணக்கம் என்று இரண்டு எச்சரிக்கைத் தாள் கொடுத்துவிட்டார். மூன்றாவது வந்தால் அந்த ஓட்டல் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை இல்லை. இந்த மழையில், இந்தப் பியூட் ஊரில், வேறு வேலைக்கு எங்கே போவது...

அன்று காலை கருவிப்பையோடு ஒருவன் நனைந்து வந்து நின்றான். எலக்ட்ரீஷியன் ஈவோ மிலிச். இமையில் மழைத்துளி, அதன் கீழே சாம்பல்நிறக் கண்கள்... நல்ல கண்கள்தான். அதனாலேயே அவளுக்குச் சந்தேகம். தன்னை வேவு பார்க்கக் கிரேடி அனுப்பிய ஆளோ?

"என்னைப் பாக்க வந்தீங்களா, மிஷினப் பாக்க வந்தீங்களா?"

"மிஷினத்தான். நீங்கதான் குறுக்க நிக்கிறீங்க..."

அவள் நகர்ந்தாள். பார்வை நகரவில்லை. மின்னோட்டம் அளக்கும் டாங் டெஸ்டரால் மின்கம்பியைக் கவ்விப் பார்த்தவன் முகம் சுண்டியது. மிஷினில் தொங்கிய அட்டையை உள்ளங்கையால் மூடினான். பழுது பார்த்தவர் அளவுகளை எழுதிக் கட்டிவிட்டுப் போகும் அட்டை அது.

"கைய எடுங்க."

எடுத்தான். 240 வோல்ட், 20 ஆம்பியர். கீழே ஈ.மி. என்று அவன் கையெழுத்து. தேதி இரண்டு மாதத்துக்கு முந்தியது. அன்று அவளுக்கு லீவு. டெஸ்டரோ இப்போது பத்துதான் காட்டியது.

எப்படிப் போடுவதென்று மட்டும் சொல்லுங்கள், கணக்கை நான் போடுகிறேன் என்று பென்சிலைப் பிடுங்கினாள். காலையில் தின்ற பேஸ்டியை, அந்தக் கறியடைத்த ரொட்டியை, சுற்றியிருந்த காகிதத்தில் எழுதினாள். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் தடை... அன்று பன்னிரண்டு ஓம், இன்று இருபத்துநாலு. பெருக்கினால் திறன்... அன்று 4800 வாட், இன்று 2400.

"சரியா பாதி. மிச்ச சூடு எங்க போச்சு?"

மின்சாரத்தை நிறுத்தி மூடியைத் திறந்தான். உள்ளே இரண்டு சூட்டுக் காயில். ஒன்றின் கம்பி கழன்று கிடந்தது. அன்று அவன் இறுக்காமல் விட்ட திருகு, உருளை ஆடிய ஆட்டத்தில் விழுந்திருந்தது.

சத்தமில்லாமல் முறுக்கிவிட்டுப் போய்விடுவான் என்றே அவள் நினைத்தாள். பத்து வருடமாக ஒரு புகாரும் வாங்காதவன் என்று ஊரில் பெயர். முறுக்கினான். மின்சாரம் விட்டதும் டெஸ்டர் இருபது காட்டியது. பழைய அட்டையையும் பேஸ்டிக் காகிதத்தையும் எடுத்துக்கொண்டு கிரேடியின் அறைக்கு நடந்தான். அவளும் நம்பாமல் பின்னாலேயே போய்க் கதவோரம் நின்றாள்.

தப்பு என்னுடையது, அந்தப் பெண் கையில் ஒரு குறையும் இல்லை என்றான். கிரேடி அவனைக் கண்டபடி திட்டிவிட்டு இரண்டு தாளையும் கிழித்துப் போட்டார்.

வெளியே வந்ததும் ஏன் ஒத்துக்கொண்டான் என்று கேட்டாள்.

"தப்புன்னா தப்புதானே... அப்புறம், கணக்குப் போடுறப்ப உதட்டக் கடிச்சீங்க. அப்பவே எனக்கு உங்களப் புடிச்சுப்போச்சு."

"புடிச்சதால ஒத்துக்கிட்டீங்களா? இல்ல, எனக்குப் புடிக்கணும்னு ஒத்துக்கிட்டீங்களா?"

"அத ஞாயித்துக்கிழமை பேஸ்டி கடைக்கு வந்து கேளுங்க."

கூரையில் மழை இரைந்தது. அவள் தோளை நீவிக்கொண்டாள்.

"வர்றேன்... எனக்கும் புடிச்சுதான் இருக்கு. ஆனா அதோட கழிஞ்சுதுன்னு நெனைக்காதீங்க. ரெண்டு மாச தோள் வலி... அது நீங்க எனக்குப் பட்ட கடன். அப்படியே நிக்குது."