நசுங்காத எலுமிச்சம்பழங்கள்

சகாயம்மாள் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது கன்னியம்மாள் வந்து நின்றாள். போலீசில் ஏட்டாக இருந்து, முழங்கால் உடைந்ததால் வேலையை விட்டவள் சகாயம்மாள். பூந்தமல்லியில் பலர் ஸ்டேஷனுக்குப் போகுமுன் இவளிடம்தான் வருவார்கள். ஸ்டேஷனில் உட்காரச் சொல்ல மாட்டார்கள். இவள் முக்காலியாவது போடுவாள்.

"எம் புருசன் குடிச்சானா இல்லியா, அத்த மட்டும் சொல்லுக்கா," என்றாள் கன்னியம்மாள்.

அவள் நாகேந்திரனின் லாரி ஷெட்டில் பெருக்கித் துடைப்பவள். புருஷன் தசரதன் அங்கே டிரைவர். லாரியின் பின் அச்சின் நடுவில் இருந்துகொண்டு சக்கரங்களைச் சுழற்றும் டிஃபரன்ஷியல் கூட்டைக் கழற்றி, கிரவுன், பினியன் என்ற இரண்டு பல்சக்கரங்களையும் புதிதாகப் போட்டுக் கட்டியிருந்தார் மெக்கானிக் பால்ராஜ். ஆயுத பூஜைக்கு வேலை நின்றது. விஜயதசமி காலையில் கூட்டை மாட்டினார்கள். நல்ல நேரம் முடிவதற்குள் வண்டியை எடுக்கச் சொல்லி நாகேந்திரன் பறந்தார். முன் டயர்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் கொளுத்தினார்கள். தசரதன் ஏறி கிளட்சை விட்டதும் லாரி பின்னால் பாய்ந்து, அங்கே நின்றிருந்த நாகேந்திரனின் காலைச் சுவரோடு நசுக்கியது.

"அது ஒன்னாம் கியர்தான் போட்டேன்னு சாதிக்குது. குடிச்சிட்டு ரிவர்ஸ் போட்டுட்டான்றாங்க எல்லாரும். பூசைக்கு முந்தின நாளு அத்தினி சாமானுக்கும் நாந்தான் சந்தனம் குங்குமம் வச்சேன், அந்தக் கூடு உட்பட. அப்பகூட குடிக்க மாட்டேன்னு புள்ள தலமேல சத்தியம் பண்ணிச்சு. நான் ஊட்ட வுட்டுத் தொரத்திட்டேன். இப்ப பஸ் ஸ்டாண்டு பெஞ்சில கெடக்குது." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நாளைக்கு ஓனர் கம்ப்ளெய்ண்ட் குடுக்கறாரு. லைசென்ஸ் பூடும்."

சகாயம்மாள் மீனை மூடி வைத்தாள். "அருள்தாஸ், ஆட்டோவ எடு."

அருள்தாஸ் அவளுடைய தம்பி. துப்பு என்றால் சோற்றை மறப்பான். போகிற வழியிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டான்: "குடிச்சிருப்பான்கா. குடிகாரன் பேச்சு."

ஷெட்டில் லாரி அடிபட்ட இடத்துக்கு ஓர் எட்டு முன்னால் நின்றது. நாகேந்திரனை மீட்க ஆட்கள் அதைத் தள்ளிய பிறகு யாரும் தொடவில்லை. எலுமிச்சம்பழங்கள் வாடிக் கிடந்தன, நசுங்கவே இல்லை. நாகேந்திரன் மாவுக்கட்டுக் காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு உர்ரென்று உட்கார்ந்திருந்தார்.

"நீங்க ஏன் பின்னால நின்னீங்க?" என்று கேட்டாள் சகாயம்மாள்.

"புது கிரவுன் சத்தம் போடுதான்னு கேக்கத்தான். முன்னால போற வண்டி பின்னாலயா வரும்?"

"தள்ளுமுன்ன கியரை நியூட்ரல் பண்ணது யாரு?"

"நாந்தான்," என்றார் பால்ராஜ். பைபிள் வசனம் ஒட்டிய டூல் பெட்டியைத் துடைத்துக்கொண்டே பேசினார். "பாவம், தசரதன். போதையில ஆள் தெரியாது. பம்பரும் பாடியும் தட்டிக்கலாம். டிப்ரன்சலையும் ஒரு தபா எறக்கிப் பாத்துடறேன், கூலி வேணாம்."

"மாட்டறப்போ மேல் பக்கம் எதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் கீது. சாக்பீஸ்ல குறி போடுவேன். மண்ணெண்ணெயில கழுவிட்டு, வடியட்டும்னு கவுத்து வச்சிட்டுப் போனேன்."

சகாயம்மாளுக்குக் குனிய முடியாது. அருள்தாஸ் டார்ச்சோடு லாரிக்கு அடியில் புகுந்தான். உள்ளிருந்து அவன் குரல் வந்தது. "பினியன் நீட்டிகினு இருக்கிற மூக்குக்கு மேலாப்பல சந்தனப் பொட்டு கீதுக்கா. ஆயில் பட்டு வழிஞ்சிருக்கு."

தசரதனை அழைத்துவரச் சொன்னாள். தாடியும் அழுக்குச் சட்டையுமாக வந்தவன் மனைவி பக்கம் திரும்பவில்லை. பின் அச்சை ஜாக்கியில் தூக்கி, கட்டை கொடுத்து, சக்கரங்கள் தரையில் படாமல் நிறுத்தினார்கள்.

"அருள்தாஸ், நீ ஏறு. ஒன்னாம் கியர் போடு."

பால்ராஜின் கையிலிருந்த துணி கீழே விழுந்தது. இன்ஜின் உறும, கிளட்சு விட, பெரிய சக்கரங்கள் சுழன்றன. பின்பக்கமாகச் சுழன்றன.

நாகேந்திரன் எழப் பார்த்து, வலியில் உட்கார்ந்தார். "இன்னாடா இது?"

"கூடு தலைகீழா மாட்டியிருக்கு," என்றாள் சகாயம்மாள். "கிரவுன் பினியனுக்கு எதிர்ப்பக்கம் போயிடுச்சு. அதனால முன் கியர் போட்டா பின்னால போவும். எலுமிச்சம்பழத்த நசுக்க ஏறினவன் ரிவர்ஸ் போடுவானான்னு எனக்கு முதல்ல சந்தேகம் வந்தது. ஆனா குடிச்சவன் எதையும் போடுவான், அது போதாது. அப்புறம் பால்ராஜ் கூலியில்லாம டிப்ரன்சல எறக்கறேன்னாரு. தப்பு டிரைவரோடதுன்னா கூட்டை ஏன் தொறக்கணும்?"

அவள் கன்னியம்மாளின் பக்கம் திரும்பினாள். சொல்லித்தான் ஆக வேண்டும் என்பது அவளுக்கே பிடிக்கவில்லை.

"கூடு கவுந்து கெடந்தப்போ நீ பொட்டு வச்ச. அப்படின்னா பொட்டு இருக்கறது கூட்டோட அடிவயித்துப் பக்கம், கீழ இருக்க வேண்டியது. இப்ப அது மேல கீது."

பால்ராஜ் தலைகுனிந்தார். "சாக்பீஸு குறி மண்ணெண்ணெயில கழுவுனதுல அழிஞ்சிடுச்சு. நாங்க பொட்டு வக்கறவங்க இல்ல. பொட்டு வச்ச பக்கந்தான் நெத்தின்னு நெனச்சிட்டேன். சக்கரத்த சுத்திப் பாக்க டைம் குடுக்கல. நியூட்ரல் பண்றப்போ லீவரு ஒன்னாம் கியர்ல இருந்தத பாத்ததுமே புரிஞ்சிச்சு."

"புரிஞ்சும் அவன மாட்டி வுட்டியே," என்றார் நாகேந்திரன். பிறகு, அவசரப்படுத்தியது யார் என்று ஞாபகம் வந்ததோ என்னவோ, மாவுக்கட்டைத் தடவிக்கொண்டு, "கம்ப்ளெய்ண்ட் இல்ல," என்றார்.

கன்னியம்மாள் தசரதன் முன்னால் போய் நின்றாள். "எங்கையால வந்த வென. நான் ஒன்ன நம்பலியே."

"நீ இன்னா," என்றான் அவன். "நானே என்னிய நம்பல. அந்தப் பெஞ்சில படுத்துகினு கையால கியர் போட்டுப் போட்டுப் பாத்தேன். குடிக்காதவன் குடிச்சிட்டமோன்னு நெனச்சிகினு இருந்தேன்."

அவ்வளவு பேர் பார்க்க, அவள் அவனுடைய கியர் போடும் இடது கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள்.