மஞ்சள் தண்டு நாற்று

அந்த விதைப் பொட்டலத்தின் மேல் இரண்டு கைகள் ஒரே நேரத்தில் விழுந்தன. விழுந்த சத்தத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்துப் புறாக்கள் அத்தனையும் தென்காசிக்கே பறந்துவிட்டன என்றால் நம்புங்கள்!

"கையை எடுங்க" என்றாள் அவள்.

"நீங்க எடுங்க. ராஜபாளையத்துல இருந்து டவுன் பஸ்ல நனைஞ்சிக்கிட்டு வாரேன்."

"நான் மட்டும் சுந்தரபாண்டியத்துல இருந்து பல்லக்குலயா வந்தேன்?"

காசிராஜன் நிமிர்ந்தான்... அவ்வளவுதான். தொண்ணூற்றொன்றாம் வருஷத்து ஐப்பசி மழை மொத்தமும் அந்தக் கண்களுக்குள்தான் பெய்துகொண்டிருந்தது. பாவம், அவன் பேண்டேஜ் துணி ஃபேக்டரியில் சூப்பர்வைசர். விடிந்தால் வெள்ளை, பொழுது அடைந்தால் வெள்ளை. சிவப்பாக எதையாவது வளர்க்காவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும் என்றுதான் பீட்ரூட் விதை வாங்க வந்தான்.

"ஏட்டி வெள்ளைத்தாய், செத்த நேரம் சும்மா இரு" என்றாள் விதைக்கடை ஜெயபாய் அக்கா.

வெள்ளையே வேண்டாமென்று வந்தவனுக்கு வாய்த்த பெயரைப் பார்த்தீர்களா!

"கடைசிப் பொட்டலம். பாதி பாதி எடுத்துக்கிடுங்க. வெளிய விதைச்சா இந்த மழைக்கு அம்புட்டும் கரைஞ்சி போவும். பின்னால ரூம்பு சும்மாத்தான் கெடக்கு. ஆளுக்கொரு பலகை, தேங்காச் சிரட்டையில மண்ணு போட்டு முளைக்க வைங்க. நாலு இலை விட்ட பொறவு கொண்டுபோய் நடுங்க."

அக்கா இன்னும் என்னென்னவோ சொன்னாள். காசிராஜன் காதில் ஒன்றும் ஏறவில்லை, கண்ணுக்குத்தான் வேலை. கடைசியில் அவள் வேறொரு பொட்டலத்தை நீட்டியதுதான் தெரிந்தது.

"இது சார்டு. பீட்ரூட்டுக்குச் சொந்தந்தான். கிழங்கு வைக்காது, கீரைக்குத்தான். ஒருத்தரும் வாங்க மாட்டேங்காக, சும்மாவே எடுத்துக்கிடுங்க."

"கிழங்கில்லாம என்னக்கா பீட்ரூட்டு!" என்று சிரித்தான் அவன். வெள்ளைத்தாய் பேசாமல் வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

சிரட்டைக்கு ஒரு விதை ஊன்றினான் காசிராஜன். அவள் காலையில் வருவாள், அவன் ஷிப்ட் முடிந்து வருவான். எப்போதாவது வாசலில் எதிர்ப்படுவார்கள்.

"உங்க சிரட்டைக்கும் தண்ணி ஊத்திட்டேன். வாடிக் கெடந்துச்சி... வளக்குறவுக மாதிரியே" என்பாள். அந்த ஒரு வரியை அசைபோட்டுக்கொண்டே ஒரு வாரம் சோறில்லாமல் இருப்பான் நம் ஆள்.

முளை விட்டது. குனிந்து பார்த்தவனுக்குத் தலை சுற்றியது. ஒரு சிரட்டையில் மூன்று முளை. அடுத்ததில் நான்கு! ஒரு விதைதானே போட்டோம்?

இந்த அறைக்கு வருவது அவள் ஒருத்திதான். அப்படியென்றால்... தன் பங்கு விதையை என் சிரட்டையில் போட்டிருக்கிறாள்! அவள் பலகையில் என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்க்கவும் வழியில்லை. அவன் கொடுத்த பேண்டேஜ் துணியால்தான் அதை மூடி வைத்திருந்தாள். ஒரு பெண் மூடி வைத்ததை விலக்கிப் பார்ப்பானா?

பஸ்ஸில் கண்டக்டர் "எங்க போகணும்?" என்றார். "மூணு முளை" என்றான்.

வீட்டில் வெள்ளிக்கிழமை தளவாய்புரத்துக்குப் பெண் பார்க்கப் போக எல்லாம் தயார். "வேண்டாம்மா. எனக்கு ஒரு பொண்ணு சம்மதம் சொல்லிட்டா" என்றான்.

"என்னலே சொன்னா?"

"வாயால சொல்லல... விதையால சொன்னா."

அம்மா அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஆனாலும் தளவாய்புரத்துக்கு வரவில்லையென்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

மழை ஓய்ந்து வெறித்த நாளில், புது வெள்ளைச் சட்டையோடு வந்து நின்றான். வெள்ளைத்தாய் ஒரு சிரட்டை மண்ணைத் தண்ணீரில் நனைத்து, பின்னிக் கிடந்த நாற்றுகளை வேர் அறாமல் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு எதுக்கு இம்புட்டு விதை குடுத்தீங்க?" என்று கேட்டான்.

"எந்த விதை?"

அவள் தன் பலகையை மூடியிருந்த துணியை விலக்கினாள். அவள் சிரட்டைகளிலும் மூன்று, நான்கு!

"பீட்ரூட்டு விதைன்னா இப்படித்தான். பாக்க ஒண்ணு, உள்ள மூணு நாலு ஒட்டிக்கிட்டு இருக்கும். அக்கா அன்னைக்கே சொன்னாகளே... நீங்க எங்க பாத்துக்கிட்டு இருந்தீங்க?"

எங்கே பார்த்தான் என்று எப்படிச் சொல்வான்! ஃபேக்டரித் துணியைவிட வெளுத்துப்போனது முகம். அய்யோ, தளவாய்புரம்... அம்மா... இவளுக்குத் தெரிந்தால் சிரிப்பாளே!

"ஒண்ணுமில்ல. என் நாத்தை எடுத்துட்டுப் போறேன்." விறைப்பாகக் கூடையில் அடுக்கினான். மூலைச் சிரட்டையில் மட்டும் நாற்று சிவப்பாக இல்லை. தண்டு மஞ்சளாக நின்றது. "இதுக்கு மஞ்சக்காமாலை..." என்று பிடுங்கப் போனான்.

அவள் கை அதன்மேல் விழுந்தது.

"கையை எடுங்க" என்றான்.

"மாட்டேன்... பீட்ரூட்டுத் தண்டு மஞ்சளா இருந்து எங்கயாவது பாத்திருக்கீங்களா?"

குனிந்து தண்டை உற்றுப் பார்த்தான். மெல்ல மெல்லத்தான் விளங்கியது... "இது... அந்தச் சார்டா? உங்க பையில இருந்தது, என் சிரட்டைக்கு எப்படி...?"

அவள் தலை குனிந்தது. கண்கள் மட்டும் ஒரு தரம் மேலே வந்து போயின.

"மொளைச்ச அன்னைக்கே கேப்பீகன்னு பாத்தேன். நீங்க அதுக்கு வைத்தியரைக் கூட்டியாராத குறை."

"நான்... உங்களை நம்பித்தான் வீட்டுல பொண்ணு பாக்குறதையே நிப்பாட்டிட்டேன்" என்று உளறினான். "உங்களைத்தான் கட்டிக்கிடணும்னு..."

மழை மறுபடி பிடித்துக்கொண்டது. ஊரே கேட்கிற மாதிரி தகரக் கூரையில் கொட்டியது. அதையும் மீறிக் கேட்டது அவள் குரல்.

"இதை எங்க தோட்டத்துலதான் நடணும். தினம் வந்து தண்ணி ஊத்தணும்."

"எம்புட்டு நாளைக்கு?"

"அதை வந்து எங்கய்யாகிட்ட கேளுங்க."

அந்த ஒற்றைச் சிரட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவள் பின்னாலேயே மழையில் இறங்கினான். புது வெள்ளைச் சட்டை முழுக்கச் செம்மண். காசிராஜன் அதைப் பார்க்கவே இல்லை.