கிட்டிவேக் சாய்ந்த பக்கம்

கிட்டிவேக் வலப்பக்கம் சாய்ந்திருந்தது. ஒரு விரல் அகலம்தான். அந்தப் பழைய பந்தயப் பாய்மரப் படகின் அழுகிய பலகைகளை மூன்று வருடமாக ஒவ்வொன்றாகப் பிடுங்கி மாற்றிய லாக்லனால் அதைப் பார்க்காத மாதிரி இருக்க முடியவில்லை.

காலையில்தான் கிளைட் ஆற்றின் கழிமுகத்தில் இறக்கி, கரை தள்ளி மிதவையில் கட்டியிருந்தார்கள். காய்ந்த மரம் ஊறி உப்பி இடுக்குகள் அடைபடும்வரை படகு ஒழுகும். ஒருவர் மேலேயே இருந்து பம்பு அடிக்க வேண்டும். நீர்மட்டத்துக்கு மேலிருந்த பலகைகள் இன்னும் காய்ந்தே கிடந்தன. சாய்ந்து அவை மூழ்கினால் கைப்பம்பு போதாது.

“சாயுது, இஷ்பெல்.”

துடுப்புப் படகிலிருந்து படகுப் பட்டறைக்காரி இஷ்பெல் நிமிர்ந்து பார்த்தாள். “உன் தொப்பையைத் தூக்கி இடப்பக்கம் வையேன்டா, சரியாயிடும்.”

“விளையாடாத. அடியில பாரத்துக்குக் கிடக்கிற ஈயக்கட்டியெல்லாம் மாத்தி வச்சுட்டேன். மறுபடி அதே பக்கம்.”

“போய் மோட்டார் பம்பு கொண்டாரேன். முங்க மட்டும் விட்டுடாத. விட்டியோ, நீயும் கூடவே போயிடு. என் மூஞ்சில முழிக்காத.”

அவள் போனாள். நாலு மணிக்கே இருட்டியது. தூறல். பம்பின் கைப்பிடியை இழுக்கிற ஒவ்வொரு தடவையும் தோள்பட்டை தனியாகக் கழன்று வருகிற மாதிரி வலிக்க, புது வார்னிஷ் வாசனைக்கு அடியிலிருந்து ஈரக் கம்பளியும் மட்டப் புகையிலையும் கலந்த ஒரு வாடை மெல்ல மேலேறி வந்துகொண்டிருந்தது. அவன் புகைப்பதில்லை.

படகின் கதை அந்தக் கரையில் எல்லாருக்கும் தெரியும். பந்தயத்தில், காற்றுக்குச் சாயும் படகை நிமிர்த்த ஆட்கள்தான் எடை. உயர்ந்த விளிம்பில் வரிசையாகக் குப்புறப் படுப்பார்கள். படகு திரும்பினால் எழுந்து மறுபக்கம் ஓடிப் படுப்பார்கள். அவன் தாத்தா பிறக்கும் முன்பு ஒரு பந்தயத்தில், அப்படி ஓடுகிற நொடியில் அலை வந்து அத்தனை பேரையும் வாரிக்கொண்டு போனது. சுக்கானைப் பிடித்திருந்த தலைவன் அவர்களை எடுக்கப் படகைத் திருப்பவில்லை. கோப்பை கிடைத்தது.

வலப்பக்கம் திடீரென்று தாழ்ந்தது. காய்ந்த இடுக்குகளில் தண்ணீர் சீறி நுழைந்தது.

அவன் பம்பை விட்டான். யோசிக்கவில்லை. வாலிபம் முழுக்கப் பந்தயம் ஓட்டிய உடம்பு. உயர்ந்த இடது விளிம்புக்கு ஏறிக் குப்புறப் படுத்தது.

படகு நிமிர்ந்தது. ஒரு ஆள் எடைக்கு அது நிமிர்ந்திருக்கக் கூடாது.

சீறல் நின்றது. கன்னத்தில் குளிர்ந்த பலகை. அப்படியே தூங்கிவிடலாம் போல அசதி.

அப்போது தளத்தின் குறுக்கே வெறுங்கால்கள் ஓடி வந்தன.

ஒன்றல்ல. நிறைய.

அவனுக்குப் பக்கத்தில் பொத்தென்று ஒரு கனம் விழுந்தது. அப்புறம் இன்னொன்று. அந்தப் பக்கமும். விளிம்பு நெடுக.

கண்ணைத் திறந்தான். தளமெங்கும் தூறல் தெறித்தது. அவனை ஒட்டி, ஆள் நீளத்துக்கு, தோள் அகலத்துக்கு, தெறிக்கவில்லை. பலகை காய்ந்துகொண்டிருந்தது.

இடது விளிம்பு தாழ ஆரம்பித்தது. அவன் வயிற்றுக்குக் கீழே சீறல்.

தூரத்தில் துடுப்புச் சத்தம். “லாக்லன்! எந்திரிடா! அந்தப் பக்கம் போ!”

எழப் பார்த்தான். முடியவில்லை.

தண்ணீர் விளிம்பைத் தாண்டி மோவாயைத் தொட்டது. மழை வலுத்திருந்தது. அவன் முதுகில் மட்டும் விழவில்லை.