அட்டிங் வீட்டு மருமகள்கள்

தேவாலயப் பதிவேட்டில் அந்தப் பக்கம் ஈரமாக இருந்தது. முன்னும் பின்னும் இருந்த தாள்கள் சருகாய்க் காய்ந்து கிடக்க, 1871-ஆம் வருடம் மட்டும் வினிஃப்ரெடின் விரலில் பிசுபிசுத்தது. சேற்று வாடை அடித்தது.

‘ஜெசே அட்டிங், வயது ஆறு, பெருவாய்க்காலில் மூழ்கி.’

இங்கிலாந்தின் நார்ஃபோக் சதுப்பு நிலத்தில் தலைமுறை தலைமுறையாக உழுதுவரும் அட்டிங் குடும்பத்துக்குப் பத்து வருடங்களுக்கு முன் மருமகளாக வந்தவள் அவள். போன நவம்பரில், அவள் துணி உலர்த்திக்கொண்டிருந்த கால்மணி நேரத்தில், ஆறு வயது கிளெமென்ட் அதே வாய்க்காலில் போய்விட்டான். யாரும் அவளைத் திட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை. இந்தக் குடும்பத்தில் முன்பும் இப்படி நடந்திருந்தால் தன் குற்றம் கொஞ்சம் குறையுமோ என்று தேட வந்திருந்தாள்.

நடந்திருந்தது. 1843-இல் கெசையா. 1898-இல் ஈனோக். 1926-இல் லாட்டி, அவள் கணவன் பெர்சியின் தங்கை. எல்லாரும் ஆறு வயது. அந்தப் பக்கங்களும் ஈரம்.

“வாய்க்கால் ஓரமா பொறந்ததுங்க பின்ன மலையிலேருந்தா விழும்?” அடுப்பைக் கிளறியபடி சொன்னார் கோயில் பொறுப்பாளர் மாப்ஸ். “டீ ஆறுது, குடிம்மா.”

“அம்மாக்காரிங்களும் போயிருக்காங்க மிஸ்டர் மாப்ஸ். அதே வாய்க்கால்ல. வருஷம் திரும்பறதுக்குள்ள.”

கிளறும் சத்தம் நின்றது.

“ஏக்கந்தாம்மா. பெத்த வயிறு.”

“என் மாமியார் நெஞ்சு நோவுல போனாங்கன்னுதானே பெர்சி சொன்னாரு?”

அவர் ஏட்டை வாங்கி மூடினார். “ரோட்டு வழியா போ. கரைமேல போகாத, என்ன?”

கிளெமென்ட் போய் ஒரு வருடமாக இன்னும் நான்கு நாள் இருந்தது.

அவள் ரோட்டில்தான் நடந்தாள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, பீட்ரூட் வயல்களிலிருந்து எழுந்த மூடுபனி வேலியை விழுங்கி, மரங்களை விழுங்கி, கடைசியில் அவள் காலடி ஓசையையும் விழுங்கிவிட, அழுகிய இலைகளின் வாடையும் எங்கோ தண்ணீர் மெல்லக் கரையை நக்கும் ஒலியும் மட்டுமே மிஞ்சின. அப்போது யாரோ இருமினார்கள்.

சின்ன இருமல். குளிர் தொடங்கினாலே கிளெமென்டுக்கு வருமே, அது. இரவெல்லாம் அவன் நெஞ்சில் தைலம் தேய்த்த கைகள் அவளுடையவை. அந்த இருமல் அவளுக்குத் தெரியாதா?

ரோட்டை விட்டு இறங்கினாள். புல் நனைந்திருந்தது. மறுபடியும் இருமல். இன்னும் கிட்டத்தில்.

கரை.

பனி விலகியது.

தண்ணீரில் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். கழுத்தளவு நீர். அசையாத முகங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் பக்கத்தில் ஒருத்தி, பிள்ளையின் கையை இறுகப் பற்றிக்கொண்டு. பழங்காலத் தொப்பிகள். சால்வைகள். ஓட்டமே இல்லாத நீரில் அவர்கள் கூந்தல் மட்டும் மெல்ல அலைந்தது. கடைசியில் நின்றவளுக்குப் பெர்சியின் கண்கள்.

அவளுக்கும் அப்பால், தனியாக, கிளெமென்ட்.

உதடுகள் நீலம். அவன் பக்கத்தில் மட்டும் யாருமில்லை.

பெண்கள் எல்லாரும் வினிஃப்ரெடைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் கோபமில்லை. வீட்டுக்கு வந்த புது மருமகளுக்கு இடம்விட்டு நகர்வதுபோல, கொஞ்சம் நகர்ந்தார்கள்.

“அம்மா, ஏன் இவ்ளோ நேரம்?”

அவன் கையை நீட்டினான்.

முழங்கால். இடுப்பு. நவம்பர் மாதத்துத் தண்ணீர்.

கொஞ்சமும் குளிரவில்லை.