பேர் கேட்காத கம்ப்யூட்டர்

நஸீமாவின் அத்தா அபுதாஹிருக்குக் கோவில்பட்டியில் பாத்திரக்கடை. ஒரு கரண்டி வாங்கினால்கூடச் சும்மா விடமாட்டார். மெஷினை எடுத்து, காசு வாங்காமல், அழகாகப் பெயர் வெட்டித்தான் கொடுப்பார்.

2009-இல், காலேஜில் படிக்கும் அவள் அக்கா மெஹருன்னிசா கடையில் ஒரு கம்ப்யூட்டரை வைத்து, ஆன்லைன் விற்பனையைத் தொடங்கினாள். ஒன்றரை மாதம் ஈ, காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. பிறகு பெங்களூரிலிருந்து இந்துஜா என்பவர் ஓர் இட்லிச் சட்டிக்கு ஆர்டர் போட்டார். முதல் ஆர்டர்! அத்தாவுக்குத் தலைகால் புரியவில்லை. மூடியில் 'இந்துஜா, பெங்களூர்' என்று வெட்டி அனுப்பிவைத்தார்.

நான்காம் நாள் போன் வந்தது. அது தோழியின் கல்யாணத்துக்கு வாங்கிய பரிசாம். ஞாயிற்றுக்கிழமை கல்யாணம், என் பேர் போட்ட சட்டியை எப்படிக் கொடுப்பது, நீங்களே திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று இந்துஜா படபடத்தார்.

அத்தாவின் முகம் சுருங்கிப்போனது.

"முகம் தெரியாத யாவாரம் நமக்கு ஒத்துவராது. நாளைக்கே இதை மூடிரு," என்றார் அக்காவிடம்.

அக்காவின் கண் கலங்கிவிட்டது. நஸீமாவுக்குப் பொறுக்கவில்லை. அஞ்சாம் கிளாஸ் படிக்கிறவள் சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்? கேட்டால் கேட்கட்டும் என்று வாயைத் திறந்தாள்.

"கடையில யாருக்கு, என்ன பேருன்னு கேட்டுத்தானத்தா வெட்டுதீங்க? கம்ப்யூட்டருல அதை யாருமே கேக்கலையே."

நஸீமா போனை எடுத்து இந்துஜாவின் நம்பரைப் போட்டாள்.

"இந்துஜாக்கா, கோவில்பட்டி பாத்திரக்கடையில இருந்து நஸீமா பேசுதேன். தப்பு எங்க மேலதான். கல்யாணப் பொண்ணு பேரு என்னக்கா? வேற சட்டி இன்னைக்கே அனுப்புதோம். அந்தச் சட்டியில நீங்க இட்லி அவிச்சுச் சாப்பிடுங்க."

தன்னைக் கேட்காமலே சட்டியைத் தூக்கிக் கொடுத்துவிட்டாளே என்று அத்தா முறைத்தார். ஆனால் போனில் சிரிப்புச் சத்தம் கேட்டதும் அவர் கை தானாக மெஷினைத் தேடியது. 'கிருஷ்ணப்ரியாவுக்கு அன்புடன் இந்துஜா.' இவ்வளவு நீளமாக அவர் வெட்டியதே இல்லை. சாயங்காலம் பெங்களூர் பஸ்ஸில் சட்டி ஏறிவிட்டது.

அன்றைக்கே அக்கா ஆர்டர் பக்கத்தில் ஒரு கட்டம் சேர்த்தாள். 'யாருக்கு வாங்குகிறீர்கள்? என்ன பேர் வெட்ட வேண்டும்?' நஸீமா சொல்லச் சொல்ல அக்கா எழுதிய கேள்விகள் அவை.

திங்கட்கிழமை மூன்று ஆர்டர்கள் வந்தன. மூவருமே கல்யாணத்தில் அந்தச் சட்டியைப் பார்த்தவர்கள். தீபாவளிக்குள் அது நூற்றுப்பத்து ஆனது. ஓசூரிலிருந்து ஒருவர் மட்டும் 'பேர் வேண்டாம்' என்று எழுதியிருந்தார். மொட்டையாக எப்படி அனுப்புவது என்று அத்தா அரைநாள் புலம்பித் தீர்த்தார்.

இப்போதெல்லாம் காலையில் ஷட்டரைத் தூக்கியதும் அவர் முதலில் கேட்பது இதைத்தான்:

"ஏட்டி நஸீமா, கம்ப்யூட்டரைப் போடு. இன்னைக்கு யார் யார் பேரு வந்திருக்கு?"